முட்டையை விட்டுப் பறந்தது ஏன்? கடற்பறவைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் பெரு நாட்டுக் கடலோரப் பறவைத் தீவுகளைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். எல் நினோ, அதாவது சில ஆண்டுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, வரும் ஆண்டுகளில் அங்கே பறவைகள் முட்டையையும் குஞ்சையும் அப்படியே போட்டுவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் பறவைகள் மேல் கோபமாக இருக்கிறீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கடல் இரண்டு மூன்று டிகிரி சூடானால் பறவைக்கு என்ன வந்தது? அது கூடு கட்டுவது பாறையில்தானே, தண்ணீரில் இல்லையே? (வாசகர், சேலம்)

பாறைக்கு ஒன்றும் ஆவதில்லை. சிக்கல் சாப்பாட்டில். பெரு கரையில் முக்கியமாக மூன்று பறவைகள்: குவானாய் நீர்க்காகம், பெரு பூபி, பெரு கூழைக்கடா. மூன்றின் பிழைப்பும் பெரும்பாலும் ஒரே மீனை நம்பித்தான் ஓடுகிறது. அஞ்சோவெட்டா என்பார்கள், நம் நெத்திலிக்குச் சொந்தம். அந்த மீன் அங்கே அப்படிக் குவிவதற்குக் காரணம் குளிர்ந்த தண்ணீர். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வீசும் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து விலக்குகிறது, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து சில்லென்ற தண்ணீர் உரச்சத்தோடு மேலே வருகிறது, வெயில் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகுகிறது, பாசியை நம்பி மீன், மீனை நம்பிப் பறவை. சாம்பாரில் அடியில் தங்கிவிட்ட பருப்பைக் கரண்டியால் கிளறி மேலே கொண்டுவருவோம் இல்லையா, அந்த வேலையைத்தான் காற்று செய்கிறது.

எல் நினோ ஆண்டில் பசிபிக்கின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று தளர்ந்துபோகும். மேற்கே தேங்கிக் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீர் கிழக்கே நகர்ந்துவந்து பெரு கரையில் கனத்த அடுக்காகப் படிந்துவிடும். கரையோரக் காற்று நின்றுபோய்விடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி ஒன்றும் அவசியமில்லை. காற்று வீசிக்கொண்டே இருக்கலாம், தண்ணீரும் மேலே வந்துகொண்டே இருக்கலாம், ஆனால் வருவது அந்தக் கனத்த அடுக்கின் சத்தில்லாத தண்ணீர். கரண்டி சுற்றுகிறது, பருப்பு வரை எட்டவில்லை.

மீன் மொத்தமாகச் செத்துவிடுவதில்லை. குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கும் தெற்குப் பக்கமும் போய்விடும். கூழைக்கடாவுக்கு மேல்மட்டத்தில் அள்ளத்தான் தெரியும். பூபி உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தாலும் சில மீட்டர் ஆழம்தான் போகும். நீர்க்காகம் இந்த இரண்டையும்விட நன்றாக மூழ்கும், அதற்கும் எல்லை இருக்கிறது. ஆகவே கடலில் மீன் இருந்தும் பறவைக்கு இல்லை.

இப்போது கூட்டுக்கு வாருங்கள். குவானாய் நீர்க்காகத்தின் கூடு என்பது அதன் எச்சத்தாலேயே கட்டிய ஒரு வட்ட வரம்பு. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கூடு, பக்கத்துக் கூட்டுக்காரி எட்டிக் கொத்தும் தூரம். ஒன்று அடைகாக்கும்போது மற்றது மீனுக்குப் போகும். காலையில் போனது மாலையில் திரும்பினால் எல்லாம் சரி. அதுவே திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை என்றால் அடைகாப்பது பட்டினி கிடந்து இளைத்துக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் எழுந்துவிடும். அவ்வளவுதான். கடற்புறாக்களும் பிணந்தின்னிக் கழுகுகளும் அதற்காகவே சுற்றிக்கொண்டிருக்கின்றன, முட்டை போய்விடும். போதாக்குறைக்கு, மழையே காணாத அந்தப் பாலைவனக் கரையில் எல் நினோ வந்தால் மழை கொட்டும், எச்ச வரம்புகள் கரைந்து ஓடும்.

என்ன இருந்தாலும் பெற்ற குஞ்சைப் போட்டுவிட்டுப் போகிற பறவையை என்னால் மன்னிக்க முடியவில்லை. (வாசகி, திருநெல்வேலி)

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கே அந்தப் பறவைக்காக வக்காலத்து வாங்க வேண்டும்போல் இருந்தது, வாங்குகிறேன்.

கோழி, காடை மாதிரி இல்லை கடற்பறவை. மெதுவாக வளரும், மெதுவாக ஈனும், நெடுநாள் வாழும். பசிபிக்கின் மிட்வே தீவில் விஸ்டம் என்று பெயர் வைத்த ஒரு லேசன் ஆல்பட்ராஸ் இருக்கிறது. 1956-ல் முட்டையிட வந்தபோது காலில் வளையம் மாட்டினார்கள். அதே பறவை 2024 கடைசியிலும் முட்டையிட்டது. எழுபது வயதைத் தாண்டியாயிற்று! எல்லாக் கடற்பறவையும் இப்படி இல்லை, ஆனால் பத்து இருபது ஆண்டு வாழ்வது அந்த இனங்களில் சாதாரணம். அப்படி வாழும் ஒரு பறவை ஒரு மோசமான ஆண்டில் குஞ்சோடு சேர்ந்து தானும் செத்தால் அடுத்த பத்து ஆண்டுக் குஞ்சுகளும் சேர்ந்தே போய்விடும். குஞ்சை விட்டுத் தான் பிழைத்தால் அடுத்த நல்ல ஆண்டில் மறுபடி ஆரம்பிக்கலாம். இப்படிக் கணக்குப் பார்த்த பறவைகளின் வாரிசுகள்தாம் இன்று மிஞ்சியிருக்கின்றன. பறவை உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, உடம்பு இளைத்ததும் அடைகாக்கும் உந்துதல் அற்றுவிடுகிறது.

இதைவிடக் கொடூரமானது வேண்டுமா? நீலக்கால் பூபி வழக்கமாக இரண்டு முட்டை இடும், முதல் குஞ்சு நாலு நாள் முன்னால் பொரியும். இரை தாராளமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வளரும். இரை குறைந்து மூத்ததன் எடை இருக்கவேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டால் அது தம்பியைக் கொத்த ஆரம்பிக்கிறது, சின்னது பட்டினியிலோ கொத்து வாங்கியோ சாகிறது. பெற்றவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், தடுக்கமாட்டார்கள். மன்னிக்க முடியாத பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீவு முழுக்கப் பறவைகள் காலியானதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா, இல்லை மிகைப்படுத்தலா? (வாசகர், மதுரை)

பார்த்திருக்கிறார்கள். பசிபிக்கின் நட்ட நடுவில், கிரிபாட்டி நாட்டில் கிரிட்டிமாட்டி என்று ஒரு பவளத் தீவு. கிறிஸ்துமஸ் தீவு என்றும் சொல்வார்கள், இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு வேறு. ரால்ஃப் ஷ்ரைபர், எலிசபெத் ஷ்ரைபர் என்ற தம்பதி அங்கே பறவைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துவந்தார்கள். 1982 நவம்பரில் அவர்கள் போனபோது தீவில் பறவையே இல்லை. சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகள் இருக்கவேண்டிய இடம் அது. பெற்றோர் பறவைகள் போய்விட்டன, குஞ்சுகள் கிடந்த இடத்திலேயே பட்டினியில் செத்திருந்தன. 1984-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள்.

அந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பங்கு ஒரு வகை ஆலா, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, சூட்டி டெர்ன் என்பார்கள். கடற்பறவை என்று பெயர், ஆனால் இறகு சரியாக எண்ணெய் பிடிக்காது, தண்ணீரில் உட்கார்ந்தால் நனைந்துவிடும். அதனால் மேலாகப் பறந்தபடியே பொறுக்கவேண்டும். சூரைக் கூட்டம் கீழிருந்து விரட்டும்போது சின்ன மீனும் கணவாயும் மேலே துள்ளும், அதுதான் அதற்குப் பந்தி. வெந்நீர் வந்து சூரை இடம் மாறினால் பந்தியும் போச்சு. அப்புறம் 1983-ல் கடல் தணிய ஆரம்பித்ததும் பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. எங்கே போயிருந்தன என்று கேட்காதீர்கள், பசிபிக் பெரியது.

அப்படியானால் எல் நினோ முடிந்ததும் பழையபடி ஆகிவிடும்தானே, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? (வாசகர், கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி, இந்தக் கடிதக் கட்டிலேயே இதுதான் முக்கியமானது.

பெரு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. பறவை எச்சம் அங்கே ஒரு காலத்தில் தங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிஞ்சா தீவுகளில் 30 மீட்டருக்கும் மேல் உயரமாகக் குவிந்திருந்த எச்சத்தை வெட்டிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரமாக ஏற்றினார்கள். குவியல் தீர்ந்ததும்தான் புத்தி வந்தது. 1909-ல் அரசே ஒரு எச்ச நிறுவனம் தொடங்கி, தீவுகளுக்குக் காவல் போட்டு, பறவைகள் அடைந்திருக்கும் பரப்பை அளந்து கணக்கெழுத வைத்தது. உரத்துக்காக எழுதிய அந்தக் கணக்குதான் இன்று விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம்.

அதைப் புரட்டினால் ஒரு ஒழுங்கு தெரியும். எல் நினோ வரும், பறவை சரியும், சில ஆண்டில் மறுபடி ஏறும். 1950-களின் நடுவில் 2 கோடிக்கு மேல் இருந்தது. 1957-58 எல் நினோவில் பலத்த அடி. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் 1 கோடியே 70 லட்சம் வரை திரும்ப ஏறிவிட்டது. 1965-ல் அடுத்த எல் நினோ, எண்ணிக்கை சுமார் 40 லட்சத்துக்கு விழுந்தது. அதன் பிறகு பழைய அளவுக்கு எழவே இல்லை.

இடையில் என்ன நடந்தது? மீன்தூள் ஆலைகள். கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக அதே அஞ்சோவெட்டாவைப் படகுகள் அள்ள ஆரம்பித்தன, 1970-ல் பிடித்தது 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். ஒரே இனத்தில், ஒரே நாட்டில், ஒரே ஆண்டில்! 1972-73 எல் நினோ வந்து மீனும் சரிந்து ஆலைகளும் படுத்தன. கடல் கெட்ட ஆண்டைப் பறவை தாங்கும், அதற்குத்தான் அத்தனை நீண்ட ஆயுள். கெட்ட ஆண்டுக்கும் அடுத்த கெட்ட ஆண்டுக்கும் நடுவில் வயிறார மீன் இருக்கவேண்டும், அதைத்தான் நாம் எடுத்துவிட்டோம். எல் நினோ மேல் பழி போடுவது சுலபம், அது வந்து கோர்ட்டில் நிற்கப்போவதில்லை.

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. குஞ்சை விட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்த்தும் பெரிய பறவைகளே தப்ப முடியாத ஆண்டுகள். 2014 முதல் 2016 வரை வட அமெரிக்காவின் மேற்குக் கடலில் ஒரு பெரிய வெப்பத் திட்டு நின்றது, அங்கத்திய விஞ்ஞானிகள் செல்லமாக ‘பிளாப்’ என்றார்கள். தண்ணீர் சூடானால் மீனின் உடம்பும் சூடாகும், அதற்கும் பசி கூடும், பெரிய மீன்கள் சின்ன மீன்களைக் கூடுதலாகத் தின்றன. அதே சின்ன மீனை நம்பியிருந்த காமன் மர் என்ற பறவை தினமும் தன் எடையில் ஏறத்தாழப் பாதி தின்றாகவேண்டும், சில நாள் பட்டினி கிடந்தாலே உயிர் போய்விடும். 2015-16-ல் மட்டும் கரை ஒதுங்கியவை சுமார் 62 ஆயிரம். கூடு கட்டும் இடங்களில் மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்து 2024-ல் வெளியான ஆய்வு, அலாஸ்காவில் இருந்த மர் பறவைகளில் பாதி, அதாவது சுமார் 40 லட்சம் போய்விட்டன என்றது. பல ஆண்டு கழித்தும் கூட்டம் தேறவில்லை.

நெத்திலி இல்லையென்றால் வேறு மீனைத் தின்னக் கூடாதா? நாங்கள் வஞ்சிரம் விலை ஏறினால் சாளைக்கு மாறுகிறோமே! (வாசகி, சென்னை)

பெரியவை ஓரளவு மாறிக்கொள்ளும். குஞ்சுக்கு வாய் கொள்ளவேண்டுமே. அமெரிக்காவின் மெய்ன் கடலோரத் தீவுகளில் பஃபின் என்ற வண்ண மூக்குப் பறவை வளைக்குள் ஒரே ஒரு குஞ்சை வளர்க்கும். ஹெர்ரிங், ஹேக் மாதிரி ஒல்லியான குட்டி மீன்களை அலகில் அடுக்கிக் கொண்டுவரும். 2012-ல் அந்தக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடானது, ஒல்லி மீன் குறைந்து தெற்கேயிருந்து பட்டர்ஃபிஷ் வந்தது. நம் வவ்வால் மீனின் குடும்பம்தான், அதே தட்டையான அகன்ற உடம்பு. பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு வந்தன. குஞ்சு வாயில் வைத்துப் பார்க்கும், தள்ளிப் பார்க்கும், விழுங்க முடியாமல் கீழே போடும். வளைக்குள் மீன் கிடக்க, பக்கத்திலேயே குஞ்சு பட்டினியில் செத்தது. ஒரு வளைக்குள் காமிரா வைத்து இணையத்தில் ஒளிபரப்பிக்கொண்டிருந்ததால் உலகமே இதைப் பார்த்தது.

பறவைகளிலும் விவாகரத்து கூடிவிட்டதாமே, பருவநிலை மாற்றத்தால்? என் கணவர் நம்ப மறுக்கிறார். (வாசகி, தஞ்சாவூர்)

நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஃபாக்லாந்து தீவுகளில் கரும்புருவ ஆல்பட்ராஸ்களைப் பதினைந்து ஆண்டு கவனித்து, 2021-ல் வெளியிட்டார்கள். வழக்கமாக நூற்றில் நாலு ஜோடிகூடப் பிரிவதில்லை. கடல் சூடாக இருந்த ஆண்டுகளில் அது எட்டை நெருங்கியது. முட்டை வீணான ஜோடி பிரிவது எப்போதும் உள்ளதுதான். ஆச்சரியம், சூடான ஆண்டுகளில் குஞ்சை நன்றாக வளர்த்த பெண் பறவைகளும் அடுத்த முறை வேறு துணையோடு சேர்ந்தன. இரைக்காக வெகுதூரம் போய்த் தாமதமாகத் திரும்புவதும் அலைச்சலில் வரும் உடல் அழுத்தமும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு ஜோடி சேர்ந்தேதான் இருந்தது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பருவநிலை மாறுவதால் ஒரு பறவைக்குக்கூட நன்மை இல்லையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

இருக்கிறது, இப்போதைக்கு. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள குரோசே தீவுகளில் வாண்டரிங் ஆல்பட்ராஸ் என்ற இனத்துக்குக் காற்று பலமானதில் லாபம். காற்றைப் பிடித்து மிதந்தே போகிற பறவை அது. இரை தேடிவிட்டு வர ஆகும் நாட்கள் குறைந்தன, உடல் எடை சுமார் ஒரு கிலோ கூடியது, குஞ்சு தேறுவதும் கூடியது. காற்று இன்னும் தெற்கே நகர்ந்துவிட்டால் இந்த லாபம் நிலைக்காது.

பனிக்கட்டியிலும் இப்படி இரண்டு பக்கம். எம்பரர் பெங்குயின் கடல் மேல் உறைந்த பனித்தட்டில்தான் குஞ்சு வளர்க்கும், ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை தட்டு உடையாமல் இருக்கவேண்டும். 2022 கடைசியில் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் தட்டு முன்னாலேயே உடைந்து, ஐந்து கூட்டங்களில் நாலு கூட்டத்தில் ஒரு குஞ்சுகூடத் தேறியிருக்க வாய்ப்பில்லை என்றார்கள். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைப் பனி மேல் எச்சக் கறை தெரியும், அதை வைத்துத்தான் கூட்டத்தையே கண்டுபிடிக்கிறார்கள், கறை காணாமல் போனதிலிருந்து சேதியும் தெரிந்தது. அடிலி பெங்குயினுக்கு நேர்மாறு. அண்டார்க்டிகாவின் பிரெஞ்சு நிலையத்தை ஒட்டிய கூட்டத்தில் 2017 தொடக்கத்தில் சுமார் 18 ஆயிரம் ஜோடிகளுக்கு உயிரோடு மிஞ்சியது இரண்டே குஞ்சு. அங்கே பனித்தட்டு அளவுக்கு மீறி நீண்டுகிடந்தது, பெற்றோர் அவ்வளவு தூரம் நடந்து கடலுக்குப் போய்வருவதற்குள் குஞ்சுகள் போய்விட்டன.

எங்களுக்கும் எல் நினோவுக்கும் சம்பந்தம் உண்டா? கடல் தொழில் செய்கிறோம். (வாசகர், கன்னியாகுமரி)

உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் உங்கள் முனையிலிருந்து கேரளக் கரை நெடுக இதே மாதிரி அடித்தண்ணீர் மேலே வருகிறது, மத்தி எனும் சாளை அதை நம்பித்தான். 2012-ல் கேரளத்தில் மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன், 2015-ல் 70 ஆயிரத்துக்கும் கீழே. கொச்சியில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் எல் நினோவை முக்கியக் காரணமாகச் சொன்னது. பறவைக்கும் நம் பக்கம் இடம் இல்லாமல் இல்லை. லட்சத்தீவில் கவரத்தி அருகே பிட்டி என்ற மணல் திட்டிலும், இராமர் பாலத்தின் இலங்கைப் பக்கத் திட்டுகளிலும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. தண்ணீருக்கு மேல் அதிக உயரமில்லாத வெறும் மணல், ஒரு பெரிய அலைக்குத் தாங்காது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் முட்டைக் காலத்தில் திட்டில் இறங்காதீர்கள், ஆள் இறங்கினால் பறவை எழும், வெயிலில் முட்டை வெந்துவிடும்.

புயலுக்கு மறுநாள் எங்கள் கொல்லையில் முதுகு கறுத்து வயிறு வெளுத்த, வால் பிளந்த ஒரு பறவை பறக்க முடியாமல் கிடந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், குடிக்கவில்லை. என்ன செய்திருக்கவேண்டும்? (வாசகர், நாகப்பட்டினம்)

மேலே சொன்ன சூட்டி ஆலாவாகவோ அதன் பங்காளி பிரைடில்டு ஆலாவாகவோ இருக்கும். நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவமாக நீண்டிருந்தால் இரண்டாவது. புயல் அடித்தால் இவை உள்ளூர் வரை தள்ளப்பட்டு வந்துவிடும், பெரும்பாலும் காயம் இருக்காது, அலுப்பும் பசியும்தான்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். கையில் துணி சுற்றிக்கொண்டு எடுத்து, காற்றோட்டம் உள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளிலும் வருகிறது, பெருவில் 2022-23-ல் லட்சக்கணக்கில் செத்தன, எனவே வெறுங்கை வேண்டாம், குழந்தைகளைக் கிட்டே விடவேண்டாம். கடல் பறவைதானே என்று அலையில் கொண்டுபோய் விடாதீர்கள், நனைந்து மூழ்கிவிடும். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். முக்கியமாகக் காலைப் பாருங்கள். உலோக வளையம் இருந்தால் அதில் உள்ள எண்ணையும் எழுத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, இந்தியாவில் வளையமிடும் வேலையைப் பார்க்கிற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். எந்தத் தீவில் எந்த ஆண்டு பொரித்த பறவை என்று பதில் வந்தாலும் வரும்.